சாலமாண்டருக்கு ஒரு குற்றாலக் குளியல்

என் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது தன் சாலமாண்டரை என் பொறுப்பில் விட்டுப் போனாள். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். உண்மையில் தவளைக்குத்தான் சொந்தக்கார உயிர். மேலகரத்தில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மூன்று வருடமாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சரியான சிநேகிதி அமையவில்லை. சாயங்காலம் வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து அன்றைய கதை முழுவதையும் அதனிடம்தான் சொல்லுவாள்.

"தண்ணிய ஒருநாள் பிடிச்சு வச்சிட்டு ஊத்துங்கப்பா. கையால மட்டும் தொட்டுராதீய. அது தோல் வழியாத்தான் மூச்சு விடுது."

"ஏட்டி, உன்னையே வளத்தவன் நான். இந்தப் பல்லிய வளக்க மாட்டனா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

அவள் போன இரண்டாவது வாரம் அதன் தோல் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியது. சாலமாண்டர் அவ்வப்போது தோல் உரிக்கும், உரித்ததைத் தானே தின்றும் விடும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்னாவது?

அப்போது குற்றாலத்தில் நல்ல சீசன். தோல் வியாதி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அருவியைத் தவிர வேறு மருந்து ஞாபகத்துக்கு வராது. மலை மூலிகையெல்லாம் அதில் கரைந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்களிடம் நானே எத்தனை தடவை அளந்திருக்கிறேன்! எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூடாது என்று அங்கே போர்டு உண்டு. அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. நான் வீட்டிலேயே உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அன்றும் அப்படித்தான். ஆசை தீரக் குளித்துவிட்டு, குளிக்கிறவர்கள் மேல் விழுந்து ஓடிவந்த தண்ணீரிலேயே ஒரு கேன் பிடித்து வந்து தொட்டியில் ஊற்றினேன். அதோடு விட்டேனா? பிசுக்குப் போகாத கையால் அந்த ஜீவனைப் பிடித்து, தொங்கிய தோலை உரித்தேன். வால் பக்கம் உரிய மறுத்ததை இழுத்தேன். அந்த இடம் ரத்தமாகச் சிவந்தது.

சாயங்காலம் அது ஒருச்சாய்ந்து மிதந்தது. "என்னத்தப் பண்ணித் தொலச்சிய?" என்றாள் மனைவி. "நான் என்ன பண்ணுனேன்?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அதைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் எடுத்துக்கொண்டு தென்காசியில் மீன் தொட்டி விற்கிற கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் தண்ணீரை முகர்ந்தார். "எண்ணெய்க் கையோட தொட்டியளா அண்ணாச்சி?"

"சேச்சே."

அவர் என் தலையைப் பார்த்தார். படிய வாரியிருந்த முடியில் இன்னும் எண்ணெய் மினுமினுத்தது. ஒருநாள் பிடித்து வைத்த தண்ணீராகத் தினமும் மாற்றச் சொன்னார், தொடவே கூடாது என்றார்.

அதற்குள் மனைவி அது சீக்கான விஷயத்தை மகளுக்குச் சொல்லிவிட்டாள். மகள் என்னிடம் போனில் அழுதாள். "போறதுக்கு முந்துன நாள் தொட்டிக்குள்ள கெடக்க கூழாங்கல்ல எல்லாம் சோப்பு போட்டுக் கழுவுனேன்ப்பா. சரியா அலசலையோ? என்னாலதானோ?"

"இருக்கும்ட்டி," என்றேன். சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன்: "இனிமேயாவது கவனமா இரு."

அது பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் பச்சைப்பிள்ளைபோல் பார்த்தேன். வாலில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. தீபாவளிக்கு மகள் வந்தாள். தொட்டிக்கு நாலடி தள்ளியே நின்று, கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீங்க இல்லன்னா செத்திருக்கும்ப்பா. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். என் கை அதுக்கு ஆகாது."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "சரிட்டி" என்று வந்தது.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்துபோய்விட்டாள். வந்ததும் வாசலிலேயே நின்று, "நல்லா இருக்காப்பா?" என்று என்னிடம் கேட்கிறாள். அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கதையும் சொல்லுவதில்லை.