மகன் வீட்டில் இல்லை என்றேன்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை இந்தப் புங்குடுதீவில் வளர்த்து ஆளாக்கினேன். காலமான என் கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். வருடத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவார். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

போன ஆவணியில் ஒல்லாந்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் நிறம்தான், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கொழும்பில் பிறந்து, கைக்குழந்தையாகத் தத்துப் போனவராம். எச்சிலைச் சோதித்துச் சொந்தம் பார்த்ததில், கனடாவில் இருக்கும் என் கணவரின் தங்கை மகளோடு பொருந்தியதாம்.

அவரைக் கூட்டிவந்த வாடகை வான்காரர்தான் தமிழில் சொன்னார். "அம்மா, உங்கட மகன் இந்தக் குழாய்க்குள்ளை கொஞ்சம் துப்பினால் காணுமாம். தன்ர தகப்பன் ஆரெண்டு தெரிஞ்சிடுமாம்."

"எங்கட ஆக்கள் துப்புறதெண்டால் வேலிக்கு வெளியிலைதான் துப்புவினம்," என்றேன். "மகன் வீட்டிலை இல்லை. நயினாதீவுக்குப் போட்டான்."

மகன் பின்வளவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றான்.

நான் பேசும்போதெல்லாம் அந்தப் பெண் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். என் கணவரும் அப்படித்தான் கேட்பார். வெயிலுக்குச் சுருக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருந்ததோ விறாந்தை நிழலில்.

குழாயைத் தான் இருந்த கதிரையில் வைத்துவிட்டு, கும்பிட்டுப் போனார். ஒரு தேத்தண்ணிகூட நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டுகிறேன். கோயிலுக்கு வெளிக்கிட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறேன்.

பிள்ளை, அப்பம்மா சொல்லச் சொல்ல நீ எழுதினது காணும். இனி அதை வாசி. நல்ல சத்தமாய் வாசி. உன்ர அப்பா குசினிக்குள்ளை நிக்கிறார், அவருக்கும் கேட்கட்டும்.