ரதியின் வளையல்கள்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளாக எங்கள் லயம். வீட்டில் பெண் பிள்ளை நான் ஒருத்திதான். அந்த மாசியில் அம்மா பதுளைக்குப் போய், முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். வளையல் சித்தப்பாவுக்காம்!

தோட்டத்துக் காமன் கூத்தில் சித்தப்பாதான் ரதி. எங்கள் பக்கத்தில் ரதி வேஷம் ஆண்கள்தான் கட்டுவார்கள். அம்மா அவருக்குத் தன் கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டாள். சவரி வைத்து நிதானமாகப் பின்னி, பூ வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தாள். என் தலையைப் பின்னும்போது மட்டும் அவளுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் அவசரம் வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது.

ரதி லயம் லயமாகப் போனாள். சனங்கள் மஞ்சள் தண்ணீரால் அவள் காலைக் கழுவிக் கும்பிட்டார்கள். பிள்ளை வரம் கேட்டார்கள். கங்காணியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திருநீறு வாங்கினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"கூத்து முடிஞ்சதும் வளையலு ஒனக்குத்தான்டி" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

கூத்து முடிந்தது. சித்தப்பா வளையலைக் கழற்றவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் பாப்பா" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தக் கையோடேயே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார். வளையல் மேல் கண்ணாக நானும் பின்னாலேயே போனேன். காலைக் கழுவிக் கும்பிட்ட அதே சனங்கள் சீட்டியடித்துச் சிரித்தார்கள்.

"கூத்து முடிஞ்சு போச்சுடா. ஆம்பளையா வேலைக்கு வா" என்று கங்காணி கத்தினார்.

அப்பா பாய்ந்து வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக் கல்லில் மோதினார். ஒரு வளையல்கூட மிஞ்சவில்லை.

வீட்டில் சித்தப்பா குமுறிக் குமுறி அழுதார். என் வளையல் போச்சே என்று நான் அதைவிடச் சத்தமாக அழுதேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிறகு தன் கையிலிருந்த வளையல்களில் பாதியைக் கழற்றினாள். எனக்குத்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன். அவள் அவற்றைக் கல்யாணச் சேலைக்குள் வைத்துச் சுற்றி, சித்தப்பாவின் பைக்குள் திணித்தாள்.

"அண்ணன் வர்றதுக்குள்ள போயிரு. மொனராகலை பஸ்ஸ விட்றாத" என்றாள்.

பஸ் போன பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை. எனக்கு வரவேண்டிய சேலை, எனக்கு வரவேண்டிய வளையல்! அந்த வீட்டுக்குப் பெண் பிள்ளை நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது.