மெத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்ட கணினிமொழி

என் தங்கை மருமகனுக்கு உத்தியோகம், ஒரு கணினிமொழியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது. "உங்க கணக்கையெல்லாம் இந்த மொழியில எழுதி ஓட்டுங்க, மின்னல் மாதிரி ஓடும்" என்பார். பொய்யில்லை. நான் ஒரு தும்மலைத் தொடங்கி முடிப்பதற்குள் அது ஊர் முழுவதற்கும் மின்கட்டணம் போட்டு, தும்மியது யார் என்றும் கேட்டது.

ஆனால் ஒரு கம்பெனியும் சீந்தவில்லை. "நாலு பேர் எடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றே எல்லாரும் நழுவினார்கள். அவருடைய அலுவலகம் பொறுமை இழந்து, "அந்த மெத்தைக் கம்பெனியையாவது பிடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா நாற்காலிய காலி பண்ணுங்க" என்றது.

போனார். முதலாளியின் அறை நடுவே மாதிரி மெத்தை ஒன்று மகாராஜா போலக் கிடந்தது. மேசை ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைப் புது மொழியில் எழுதி எடுத்துப் போயிருந்த மருமகன் பொத்தானை அழுத்தினார்.

"எப்ப ஆரம்பிக்கும்?" என்றார் முதலாளி.

"முடிஞ்சுடுச்சு சார்."

"விளையாடுறீங்களா தம்பி?"

கணக்குப் பார்க்கும் அம்மாள் சரிபார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார், முகம் தொங்கிப்போய்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழைய கணக்கு மணிக்கணக்கா ஓடுறப்ப இந்த அறைக்குள்ள ஒரு ஈ காக்கா வராது. போன் அடிச்சா, 'கணக்கு ஓடுது'ன்னு அம்மா வச்சிடுவாங்க. அப்பத்தான் நான் இந்த மெத்தையில கண்ண மூடுவேன். வீட்டுல பேரப்பிள்ளைங்க தூங்க விடுறதில்ல. இத எடுத்தா நான் எப்பய்யா தூங்குறது?"

"நாங்களும் அப்பத்தானே நாலு வார்த்தை பேசுறோம்!" என்றார் அம்மாள்.

மருமகன் திரையைப் பார்த்தார். மொழியை உருவாக்கியவர் தலைமுடியெல்லாம் உதிர, இமைப்பொழுதைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த வேகம் அது. ஆனால் அலுவலகத்து நாற்காலி? உட்கார்ந்தார். 'கொஞ்ச நேரம் சும்மா இரு' என்று கணினிக்குச் சொல்லும் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, மறுபடி அழுத்தினார். திரையில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது.

"இப்ப என்ன பண்ணுது?"

"யோசிக்குது சார்."

முதலாளி செருப்பைக் கழற்றினார். அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் தானாகத் திறந்து மூடிற்று. நின்று பார்த்துக்கொண்டிருந்த மருமகனும் மெத்தையின் மறு ஓரத்தில் சாய்ந்துவிட்டார்.

எழுந்ததும் முதலாளி சோம்பல் முறித்தார். "பழசு நடுவுல நின்னு போயி என்னை எழுப்பிடும். இது அசையவே இல்லையே! எல்லாக் கிளைக்கும் போடுங்க."

சேதி கேட்டு, மொழியை உருவாக்கியவரே போனில் கூப்பிட்டார். "வேகம் பிடிச்சிருந்துச்சா?"

"ரொம்ப நிம்மதியா இருக்குன்னாரு சார்."

"அடுத்த தடவை இன்னும் ரெண்டு மடங்கு வேகமாக்கறேன்!"

"ஆக்குங்க சார். சக்கரத்த நான் பாத்துக்கறேன்" என்றார் என் தங்கை மருமகன்.