முதுகால் பார்க்கிறவர்

கயிற்றின் ஒரு முனை கம்பத்தில். மறுமுனை வால்டெமாரின் இடது கையில். வலது கையில் விசில். பதினொன்றாம் தடைப் பக்கமிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டதும் அவரும் ஒன்று ஊதுகிறார், கயிற்றை இழுத்துப் பாதையை அடைக்கிறார், பிறகு குதிரை வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார். எழுபது பேர் அவர் தோளுக்கு மேலாகக் குளத்தைப் பார்க்கிறார்கள். அவர் அந்த எழுபது பேரைப் பார்க்கிறார்.

"தம்பி, காலை உள்ள இழு. ரெண்டு நிமிஷம் நின்னா ஒண்ணும் கொறைஞ்சிராது. அரை டன்னு வருது, அதுக்கு பிரேக் கெடையாது."

மூன்று நாள் குதிரைப் போட்டி. முதல் நாள் குதிரைகள் அழகாக நடந்து காட்டும். மூன்றாம் நாள் மைதானத்துக்குள் கம்பு தாண்டும். அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. நடுவில் வரும் சனிக்கிழமைதான் எங்கள் ஊர் யவோர்காவுக்கு. குதிரைகள் எங்கள் காடு, மேடு, குளம் எல்லாவற்றையும் கடந்து ஆறு கிலோமீட்டர் ஓடும். பார்க்க வருகிறவர்கள் ஓடுபாதையின் குறுக்கே நடந்துதான் ஒரு தடையிலிருந்து இன்னொரு தடைக்குப் போக முடியும். அவர்களை மறிக்கக் கயிற்றுக்காரர்கள் வேண்டும்.

"கயிற்றுக்காரர் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்" என்று போட்டிக் குழு முதல் வருஷம் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தது. மற்றவர்கள் அதில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் மடித்து எடுத்துவந்தார்கள். வால்டெமார் படித்தார். பத்தொன்பது வருஷமாக அப்படியே நிற்கிறார். பன்னிரண்டாம் தடையான இந்தக் குளத்தில் ஒரு குதிரை இறங்கியதை அவர் கண்ணால் கண்டதில்லை.

எனக்கு வருஷம் முழுக்கத் தபால் நிலையத்தில் வேலை. போட்டிச் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பன்னிரண்டாம் தடையின் நடுவர். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு வாக்கி டாக்கி, ஒரு பென்சில். நான் எதிர்க்கரையில் உட்காருவேன். எனக்குத் தெரிவது அவர் முதுகும், அவர் பார்க்கிற முகங்களும். குளம் சின்னது. அந்தக் கரைப் பேச்சு தண்ணீரின் மேல் நடந்து வந்துவிடும்.

குதிரையைப் பார்க்காமலேயே நடந்ததைச் சொல்வார். தப்பாது.

"வாய் தொறந்து மூடிச்சுன்னா தாண்டிருச்சு. தொறந்தபடியே நின்னா குதிரை நின்னுருச்சு. எல்லாரும் கையைத் தலையில வச்சா ஆளு தண்ணில. பாதிப் பேரு கீழயும் பாதிப் பேரு தூரத்துலயும் பாத்தா ஆளு இங்க, குதிரை அங்க."

கசாப்புக்கடை ரோமுவால்ட் வருஷா வருஷம் ஒரே கேள்வி கேட்பான்.

"டேய் வால்டெமாரு, குதிரையையே பாக்காத உனக்கு இங்க என்னடா வேலை?"

"குதிரையைப் பாக்க ஆயிரம் பேரு இருக்கான். உன்னை எவன் பாப்பான், உன் பொண்டாட்டியே பாக்க மாட்டேங்கிறா."

அவருடைய தொப்பியைச் சொல்ல வேண்டும். பச்சைத் துணி, முன்னால் பித்தளை லாடம். அதுவும் முதல் வருஷம் குழு கொடுத்தது. மற்றவர்களுடையது அந்த வருஷமே தொலைந்தது. அவர் அதை மாதா கோயில் பூசைக்குப் போகும்போது மட்டும் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்வார். முடி வெட்டுகிறவன் அதைச் சுற்றித்தான் வெட்ட வேண்டும். மனைவி யாத்விகா துவைக்கக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

தோட்டத்தில் உருளைக்கிழங்கு, கொட்டகையில் இரண்டு பெட்டைக் குதிரைகள். ஏழு வருஷத்துக்கு முன் மூன்றாக இருந்தன. மூன்றாவதை ஸ்வீடன்காரி சிக்ரித்துக்கு விற்றார். மூன்று வயது, செம்பழுப்பு, வேலியைக் கண்டால் பறக்கும். தண்ணீரைக் கண்டால் நிற்கும். வாளி கவிழ்ந்த ஈரத்தைக்கூடச் சுற்றிக்கொண்டு போகும். அவள் பார்க்க வந்த அன்று, தொட்டிக்கடியில் தேங்கியிருந்த தண்ணீரை வால்டெமார் விடியுமுன் மரத்தூள் போட்டு மூடியது யாத்விகாவுக்கும் எனக்கும் தெரியும். வீட்டில் சொல்லி ஓய்ந்ததையெல்லாம் யாத்விகா தபால் நிலையத்தில் வந்து என்னிடம் சொல்வாள்.

"தண்ணின்னா எப்படி?" என்று சிக்ரித் கேட்டாளாம்.

"பேரு நாரை, அம்மணி."

அது பொய்யில்லை. அன்று காலை ஆறு மணியிலிருந்து அதுதான் பெயர். அதற்கு முன் மூன்று வருஷம் பேரிக்காய்.

இந்த வருஷம் நாரை திரும்பி வந்தது, சிக்ரித் ஏறி ஓட்டும் குதிரையாக, நான்கு நட்சத்திரத் தரமுள்ள பெரிய போட்டிக்கு. வெள்ளிக்கிழமை மாலை வீரர்கள் ஓடுபாதையை நடந்து பார்ப்பார்கள். நான் பன்னிரண்டில் கொடி நட்டுக்கொண்டிருந்தேன், வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் வெள்ளை. வால்டெமார் கம்பத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்ரித் கரையிலிருந்து காலடி எண்ணி வந்தவள் அவர் முன்னால் நின்றாள். லாயத்து ஆட்களிடம் எங்கள் மொழியைக் கற்றவள். வசவு முதலில் வந்தது, இலக்கணம் பிறகு.

"பெரியவரே, உங்க நாரை ஒரு வாளித் தண்ணில கால் வைக்கப் பதினாலு மாசம் ஆச்சு."

வால்டெமார் விசிலைச் சட்டையில் துடைத்தார்.

"வேற எதாவது சொல்லாம விட்டீங்களா?"

யோசித்தார். "தொப்பியத் திங்கும்."

"அது தெரியும். மூணு போச்சு."

"நாளைக்கு எறங்குமா அம்மணி?"

"வாளில எறங்கும். ஆத்துல எறங்கும். ஜனம் சுத்தி நிக்கிற குளத்துல எறங்குமான்னு அதுக்கே தெரியாது. நீங்களே பாருங்க."

அவர் பார்க்க மாட்டார் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ரோமுவால்ட் வேறு இதைக் காதில் வாங்கிக்கொண்டான். "நாளைக்கு மைக்ல உன் பேரச் சொல்லுவான்டா. நாரை கரையில நின்னுருச்சுன்னா, அப்புறம் உங்கிட்ட எவன் குட்டி வாங்குவான்? ஒரு கோழி வாங்க மாட்டான்."

"அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் யாத்விகா. "மரத்தூள் போட்டப்பவே சொன்னேன்."

சனிக்கிழமை அவள் கயிற்றுக்கு நேர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள், மடியில் பிளாஸ்க். அவர்தான் அங்கே உட்காரச் சொன்னார். மற்ற முகங்களில் பாதி வெளியூர் முகங்கள். இந்த முகத்தை நாற்பது வருஷமாகப் படித்திருக்கிறார்.

இருபத்துமூன்றாவதாக நாரை கிளம்பியது. ஒலிபெருக்கி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது, வளர்த்தவர் பெயரைச் சொன்னது. கூட்டம் கை தட்டியது. வால்டெமார் தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டார். ஏழாம் தடை சுத்தம் என்றது ஒலிபெருக்கி. ஒன்பது சுத்தம். பதினொன்றின் விசில் கேட்டது. அவர் ஊதினார், கயிற்றை இழுத்தார், முதுகைக் காட்டினார்.

"டேய், இன்னைக்காவது திரும்புடா. உன் குதிரை," என்றான் ரோமுவால்ட்.

"கயிறு எங்கிட்ட இருக்கு."

"குடு, நான் புடிக்கிறேன்."

"நீ குதிரையப் பாப்ப."

நாரை மேட்டிலிருந்து இறங்கி வந்தது, காது இரண்டும் முன்னால். குளத்தின் கரை ஒரு சாண் உயரம். அந்த உயரத்தில் குதிரை நின்று யோசித்தால் குற்றமில்லை. ஒரு குளம்பு பின்னால் போனாலும் இருபது புள்ளி அபராதம். என் வேலை அந்தக் குளம்புகள்.

நின்றது.

எழுபது வாய்கள் திறந்தன, மூடவில்லை. யாத்விகா கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்தது, வழிந்தது, அவள் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். வால்டெமார் கயிற்றை இடது கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். அந்தக் குதிரைக்கு அவர் குரல் தெரியும். பழைய பெயர் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் நான் வெளியுதவி என்று எழுத வேண்டும், சிக்ரித் அங்கேயே வெளியேற வேண்டும். அதுவும் அந்தத் தாளில் இருந்தது. வால்டெமார் விசிலை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். ஊதவில்லை.

நான் குளம்புகளுக்குத் திரும்பினேன். பின்னங்கால் இரண்டும் மண்ணில் அழுந்தின. பின்னால் போகவில்லை. பிறகு அங்கே குளம்பே இல்லை.

தண்ணீர் கொடிவரை எழுந்தது.

"எறங்கிருச்சு," என்றார் முதுகைத் திருப்பாமல். "ரெண்டாவது?"

குளத்துக்குள் ஒல்லியான மரத்தடை ஒன்று பாக்கி. யாத்விகா குளத்தைப் பார்த்தபடியே தேநீர் வழிந்த மடியை உதறினாள். "ஐயோ, சுடுது! தாண்டிருச்சுய்யா, தாண்டிருச்சு!"

நான் பூஜ்யம் எழுதினேன், பென்சில் முனை உடைந்தது. நிமிர்ந்தபோது கயிறு ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. "போங்க, போங்க, சீக்கிரம் தாண்டுங்க," என்று வால்டெமார் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கழுவித் துடைத்த நாரையைப் பிடித்துக்கொண்டு சிக்ரித் வந்தாள். லாயத்துக்குப் போகும் வழி அந்தக் கயிற்றைத் தாண்டித்தான். சரியாக அப்போது பதினொன்றிலிருந்து விசில்.

"நில்லுங்க அம்மணி. குதிரை வருது."

"இதுவும் குதிரைதான், பெரியவரே."

"இது கூட்டம்."

கயிற்றை இழுத்தார். நாரை கூட்டத்தோடு கூட்டமாக, ரோமுவால்டுக்கும் யாத்விகாவுக்கும் நடுவில் நின்றது. மற்றக் குதிரைகளின் மேலிருந்து வடிந்த தண்ணீர் அங்கே சேறாகத் தேங்கியிருந்தது. நான்கு காலும் அதில்தான் இருந்தன. அது கழுத்தை நீட்டியது.

வால்டெமார் விசிலைப் பல்லில் கடித்தபடி, கயிற்றை விடாமல், வலது கையால் தொப்பியைக் கழற்றினார். வெயில் படாத தலை வெள்ளையாகத் தெரிந்தது. பித்தளை லாடத்தை நகத்தால் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தொப்பியை நாரையின் வாய்க்கு நேராக நீட்டினார்.