கோட்டிக்காரி கிணறு

எங்கள் ஊர்க்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கூடுவார்கள். ஊர் இருப்பது நெல்லைப் பக்கம், கூட்டம் மட்டும் இங்கே. பாதி வீடு பூட்டிக் கிடக்கிற ஊரைச் சென்னையிலிருந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! குளக்கரைச் சுமைதாங்கிக் கல், இடிந்த ஊர்மடம், பழைய கிணறுகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, ஒவ்வொன்றுக்கும் பெயரையும் கதையையும் எழுதிப் பலகை வைப்பதாகத் தீர்மானம். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் மூன்று வயதில் ஊரை விட்டு வந்தவள். அம்மா புத்தி பேதலித்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளிக்கு வந்துவிட்டார். எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

ஒருத்தியின் ஆயுளைத் தின்ன இவ்வளவு போதும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். இப்படி இழுத்துப் பார்ப்பதே அதன் அறிகுறியோ என்று அப்புறம் பயப்படுவேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பாவே முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுவார். மறைத்துக் கல்யாணம் செய்வது பாவமாம். வந்தவர்கள் காபியை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அப்பா எவ்வளவு நேர்மையானவர் என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன், வெட்கக்கேடு.

அன்றைக்குக் கிணறுகளின் முறை. கடைக்காரத் தம்பி சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனேன்.

“அடுத்தது கோட்டிக்காரி கிணறு. எழுதிக்கோங்கக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் பைத்தியத்தைக் கோட்டி என்பார்கள்.

“அது என்ன பேரு?” என்றேன்.

“முந்தி ஒரு கோட்டிக்காரி அதுல விழுந்து செத்தாளாம்க்கா. மூணு வயசுப் பிள்ளைய வீட்ல விட்டுட்டு வந்து குதிச்சாளாம்.”

அந்த மூன்று வயசுப் பிள்ளை அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. அம்மா கிணற்றில் செத்தது எனக்குத் தெரியும். அந்தக் கிணற்றுக்கு ஊர் இப்படி ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

“இந்தப் பேரு வேண்டாம், எடுத்துரலாம்.”

“என்னக்கா நீங்க! பிடிச்ச பேர வச்சுக்கிட்டுப் பிடிக்காத பேர அழிச்சா அது என்ன பாரம்பரியம்? உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உன் அம்மாவ இப்படிப் பலகையில எழுதி மாட்டுவியா தம்பி? அவ என்னைப் பெத்தவ!”

தம்பியின் முகம் செத்துவிட்டது. “மன்னிச்சிருங்கக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது” என்றான். சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஆதம்பாக்கத்துப் பெரியம்மா குறுக்கே பேசினார். மாதா மாதம் தவறாமல் வந்து, முறுக்கு தின்றுவிட்டுப் போகிறவர்.

“யாருட்டி சொன்னா அவளுக்குக் கோட்டின்னு? அவ என் சேக்காளி, கூடவே வளந்தவ. எனக்கு நீச்சல் படிச்சுக் குடுத்ததே அவதான், அதே கிணத்துல. மேலேயிருந்து தலைகீழாப் பாஞ்சு, ஒரே மூச்சுல அடி மண்ணை அள்ளிட்டு வருவா. அதுல விழுந்தா சாகிறவளா அவ?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்போ எப்படிச் செத்தாங்க?”

“எனக்கென்ன தெரியும் தாயி? நான் அதுக்குள்ள வாக்கப்பட்டு வேற ஊருக்குப் போயாச்சு. அவ செத்த பிறகுதான் அவளுக்குக் கோட்டின்னே கேள்விப்பட்டேன்.”

“யாரு சொல்லி?”

“உங்க அப்பா சொன்னாரு. அதைத்தான் ஊரும் சொல்லிச்சு.”

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. ஆட்டோவில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், இன்னா ஆச்சு?”

“எங்கம்மா செத்துட்டாங்க.”

“அடப் பாவமே! எப்போ மேடம்?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மந்தைவெளிக்குப் போகச் சொன்னேன்.

வீட்டில் அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயதாகிறது, இன்னும் ஒரு வரி விடமாட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“அப்பா, அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?”

“அவளுக்கா? தண்ணியக் கண்டாலே நடுங்குவா.”

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். பிறகு காபி கேட்டார். கலந்து கொடுத்தேன். எனக்குப் பைத்தியம் வராது என்பது என் வாழ்க்கையில் முதல்முறையாக நிச்சயமாகத் தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றுக்கு அம்மாவின் பெயரையே போட்டேன். கீழே ஒரு வரி: ‘ஊர்ப் பெண்களுக்கு இவர் இங்கே நீச்சல் கற்றுக்கொடுத்தார்.’ பலகை நட்ட அன்று தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். அதை அப்பாவிடம் நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்த ஒரு வரியை நெடுநேரம் படித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போதும் என் கையால்தான் சாப்பிடுகிறார். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது மட்டும் அறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்.