‘மறுபடியும்’ சொல்லாத நாள்

அந்த அறையில் விருந்தாளிகள் உட்காரும் சதுர மெத்தைமேல் கினுகோ ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இன்று உட்காரச் சொன்னபோதும் கால் பழகின வழியில் போய், மெத்தைக்குப் பக்கத்தில் வெறும் பாயில்தான் மண்டியிட்டாள். மகள் சிஹோ மேசைக்கு அடியில் அவள் முழங்காலைத் தட்டினாள்.

"அம்மா, மேல உக்காரு."

கினுகோ கூசிக் கூசி நகர்ந்து ஏறினாள். எதிரே, மலர் வைத்த மாடத்துக்கு முதுகு காட்டி மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். மாப்பிள்ளை ஷூஹேய், அவன் அப்பா கட்டகிரி, அம்மா. டோக்கியோக்காரர்கள். காலை ரயிலில் கியோத்தோவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பின்னால் மாடத்தில் இருந்த செவ்வந்தியை முந்தின நாள் வாங்கி வந்தவளே கினுகோதான். அதை அவள் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். ஒரு இலை வாடியிருந்தது.

தம்பா மலைப்பக்கத்திலிருந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அரக்கு பூசிய மரக் கிண்ணம் கழுவ இந்த விருந்தில்லத்துக்கு வந்தவள் அவள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், நகம் படக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ளவே நெடுநாள் ஆயிற்று. கல்யாணமாகிப் போனாள். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அப்போது முதலாளியம்மா அவளைக் கழுவுகிற இடத்திலிருந்து எடுத்து, விருந்தாளிகளுக்குப் பரிமாறும் வேலையில் வைத்தாள். அன்றிலிருந்து சிஹோ சாப்பிட்டதும் படித்ததும் கினுகோ மண்டியிட்டு மண்டியிட்டு எழுந்ததில்தான்.

சிஹோ நகோயாவில் வேலைக்குப் போனாள். அங்கே ஷூஹேயைப் பார்த்தாள். போன மாதம் போன் செய்தாள்.

"அம்மா, ரெண்டு வீடும் உக்காந்து நிச்சய விருந்து சாப்பிடணுமில்ல, அதுக்கு அவரோட அப்பா இடம் பிடிச்சிட்டாராம். யாரோ பெரிய மனுஷர் சிபாரிசாம்."

"எங்கம்மா?"

சிஹோ பெயரைச் சொன்னாள்.

"அது நம்ம..."

"நம்மளோடது இல்லம்மா. நீ வேலை செய்யற இடம்." சிஹோ குரலைத் தாழ்த்தினாள். "நான் அவங்ககிட்ட, அம்மா ஜவுளிக் கடையில கணக்கு பாக்கறாங்கன்னு சொல்லியிருக்கேன்."

கினுகோவுக்குக் கோபம் வரவில்லை. "எந்தக் கடைன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். மகளுடைய பொய்யில் தான் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

முதலாளியம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறவில்லை. "அப்ப அன்னிக்கு நீ முன்வாசல் வழியா வா. உன்னை எங்களுக்குத் தெரியாது. போதுமா?" என்றாள்.

அந்த அறைக்குப் பரிமாறுவது தொக்கியேயின் முறை. கினுகோ வேலை பழக்கிவிட்ட பெண் அவள், வாய்த்துடுக்குக்காரி.

"ஐயோ அக்கா, நான் உங்களுக்குக் குனிஞ்சு பரிமாறணுமா! என்னைத் திட்டினதுக்கெல்லாம் சேத்து வச்சு உங்க சூப்புல உப்பைக் கொட்டறேன் பாருங்க."

"விளையாடாத. அன்னிக்கு வழியனுப்பும்போது..."

"'மறுபடியும்' சொல்லக் கூடாது. தெரியும், தெரியும். நீங்க சொல்லிச் சொல்லி என் காது தேஞ்சு போச்சு."

அந்த வீட்டில் எந்த விருந்தாளி கிளம்பினாலும் வாசலில் வரிசையாக மண்டியிட்டு, "ரொம்ப நன்றிங்க, மறுபடியும் வாங்க" என்று ஒரே ராகத்தில் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்த விருந்தன்று மட்டும் அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. மறுபடியும் என்றால் மறுபடி ஒரு நிச்சயம், மறுபடி ஒரு மாப்பிள்ளை என்றாகிவிடும். அன்றைக்கு, "நல்லபடியா இருங்க" என்பதோடு நிறுத்திவிட வேண்டும்.

இன்று விருந்தில் முதலில் தேநீருக்குப் பதில் உப்பிலிட்ட செர்ரிப் பூ மிதக்கும் வெந்நீர் வந்தது. தொக்கியே கதவைக் கொஞ்சம் திறந்து, கை மாற்றி, முழுக்கத் திறந்து வணங்கினாள். கினுகோவை முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவ்வளவு நன்றாக நடித்தாள். கினுகோதான் பதிலுக்குக் குனியப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூடிக் கிண்ணத்தில் விலாங்கும் பைன் காளானும் வந்தன. நடைப்பக்கம் காலடி கேட்கும்போதே அடுத்தது என்ன, எத்தனை தட்டு என்று கினுகோவுக்குத் தெரிந்தது. கட்டகிரியின் சாக்கே மதுக் கிண்ணம் காலியானதும் ஊற்றிவிட அவள் கை தானாக நீண்டது. சிஹோ இருமினாள். கை மடிக்குத் திரும்பியது.

"இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் அடிக்கடி வருவீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். கேட்பதில் குத்தல் இல்லை, சும்மா பேச்சுக்குத்தான்.

"உக்காந்து சாப்பிடறது இதுதான் முதல் தடவைங்க" என்றாள் கினுகோ. சிஹோவின் முகம் வெளுத்தது. ஆனால் அந்த அம்மா சிரித்துவிட்டு, "அடக்கத்தைப் பாருங்களேன்" என்றாள்.

அப்புறம் செதிலோடு பொரித்த மீன். தொக்கியே தட்டுகளை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வகாசா கடல்ல பிடிச்சதுங்க. செதிலெல்லாம் அப்படியே நிக்கும். கடிச்சீங்கன்னா, மலையில சருகு மேல நடந்து போற சத்தம் கேக்கும்."

கினுகோவின் உதடும் கூடவே அசைந்தது. சருகு அவள் சொன்ன வார்த்தை. அந்த மீனைச் சூடாக அவள் சாப்பிட்டதில்லை. மிச்சமாகி ஆறிப் போனதைத்தான் சமையலறையில் நின்றுகொண்டு தின்றிருக்கிறாள். ஆனால் கதவோரம் உட்கார்ந்து விருந்தாளிகள் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, தம்பா மலைப் பாதை ஞாபகம் வந்து, ஒரு நாள் தயங்கித் தயங்கி அப்படிச் சொன்னாள். விருந்தாளி ரசித்தார். அப்புறம் அந்த வீட்டில் எல்லாரும் அதையே சொல்லிப் பழகினார்கள். அவள் வாழ்க்கையில் சொந்தமாக உண்டாக்கிய ஒன்று அதுதான்.

தொக்கியே காலிக் கிண்ணங்களை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"பாடம் ஒப்பிக்கற மாதிரி ஒப்பிக்குதுங்க பாவம். இது நம்மள மீன் திங்கச் சொல்லுதா, காட்டுல நடக்கச் சொல்லுதா? செருப்பு போட்டுக்கிட்டுல்ல வந்திருக்கணும்!"

கட்டகிரி சிரித்தார். ஷூஹேய் சிரித்தான். சிஹோ சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது.

கினுகோ சிரித்தாள். கிமோனோ கையால் வாயை மூடிக்கொண்டு, நன்றாகவே சிரித்தாள். "ஆமாங்க, அப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க" என்றும் சொன்னாள்.

தொக்கியேயின் கை ஒரு கிண்ணத்தின்மேல் நின்றது. பிறகு அதை எடுத்து, மூடியை நேராக்கி, தட்டோடு பின்வாங்கிப் போனாள். கதவு சத்தமே இல்லாமல் மூடியது. கினுகோ சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கினுகோ மீனைக் கடித்தாள். சருகுச் சத்தம் கேட்டது. அச்சு அசலாக அதே சத்தம்.

அதன்பின் கூட்டு, சிவப்புப் பயறுச் சோறு, பேரிக்காய் எல்லாம் வந்து போயின. தொக்கியே ஒவ்வொன்றுக்கும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். முகத்தில் அதே மரியாதை. அவள் கண்ணைப் பார்க்கக் கினுகோவால் முடியவில்லை, கைகளையே பார்த்தாள்.

விருந்து முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சிஹோவும் ஷூஹேயும் கல் பதித்த முற்றத்தில் இறங்கி நின்றார்கள். கட்டகிரியும் மனைவியும் படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மரத்தரையில் முதலாளியம்மாவும் தொக்கியேயும் மண்டியிட்டார்கள். சம்பந்தி வீட்டாரை வழியனுப்பப் பெண்ணின் அம்மா மண்டியிடுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கினுகோ போய் உட்கார்ந்தது அவர்கள் இருவருக்கும் நடுவில், தன்னுடைய வழக்கமான இடத்தில். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. கையை ஊன்றித் தலையைக் குனிந்தாள். முழங்கால், கை, தலை எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்ததும் வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"ரொம்ப நன்றிங்க, மறுபடியும் வாங்க."

தெளிவாக, ராகத்தோடு வந்துவிட்டது.

காலணிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தபோது மூன்று தலையும் குனிந்திருந்தன.

"நிச்சயத்தன்னிக்கு மறுபடியுமா? யாரு சொன்னது?"

கினுகோவின் நெற்றி தரையிலிருந்து எழ மறுத்தது. நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்த ராகம் ஜவுளிக் கடையில் வராது. சிஹோ முற்றத்தில் நிற்கிறாள்.

"நான்தாங்க." தொக்கியேயின் குரல். "புத்திகெட்டதனமா வாய் தவறிடுச்சு. மன்னிக்கணுங்க."

"பெரிய இடம் பெரிய இடம்னாங்க" என்றாள் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல். முதலாளியம்மா நெற்றி தரையில் பட இன்னொரு தடவை வணங்கினாள். "நான் சரியாப் பழக்கலைங்க. எங்க மேலதான் குத்தம்."

"சரி விடு, நல்ல நாள்ல எதுக்கு" என்று கட்டகிரி எழுந்தார்.

இப்போதாவது சொல்லலாம் என்று கினுகோ வாயைத் திறந்தாள். நிமிர்ந்தாள். சிஹோ தலையை மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமும் அசைத்தாள். கினுகோ வாயை மூடிக்கொண்டாள்.

கார்வரைக்கும் சிஹோ கூடப் போனாள். முதலாளியம்மா எழுந்து உள்ளே போனாள். கினுகோவும் எழுந்து, கிமோனோக் கையைச் சுருட்டிக்கொண்டே அறைப்பக்கம் நடந்தாள். தட்டுகள் அப்படியே கிடக்கும், அரக்குக் கிண்ணம் காய்ந்தால் கறை பிடிக்கும்.

தொக்கியே குறுக்கே வந்து நின்றாள்.

"விருந்தாளி தட்டு எடுக்கக் கூடாதுங்க."

"தொக்கியே, அந்த மீனுக்கு நீ சொன்னப்ப நான்..."

"செருப்பை எடுத்து வச்சிருக்கேங்க."

எடுத்துத்தான் வைத்திருந்தாள். முனை வாசலைப் பார்க்க, இரண்டுக்கும் நடுவில் அளவாக இடம் விட்டு. கினுகோ படியிறங்கி மாட்டிக்கொண்டாள். எந்நாளும் பின்கட்டில் தன் கையால் உதறிப் போடுகிற செருப்பு அது. திரும்பிப் பார்த்தபோது தொக்கியே மரத்தரையில் மண்டியிட்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில நான் வந்துடறேன்" என்றாள் கினுகோ. "செவ்வந்தியில ஒரு இலை வாடியிருக்கு. நானே பாத்துக்கறேன்."

தொக்கியே கையை ஊன்றித் தலை குனிந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. நல்லபடியா இருங்க."

அதோடு நிறுத்திவிட்டாள். கினுகோ இன்னும் ஒரு வார்த்தைக்காக நின்றாள். இன்றைக்கு அதைச் சொல்லக் கூடாது. சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தொக்கியேயின் தலை நிமிரவில்லை. விருந்தாளி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிமிரக் கூடாது என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் கினுகோ போக வேண்டியதாயிற்று.