காருக்கு மிஸ்ஸிங், அக்காவுக்குப் பித்தம்

என் பழைய காரை அக்காவின் கணவருக்கு விற்றபோது அதில் இரண்டு கோளாறுகள் இருந்தன. இரண்டும் எனக்குத் தெரியும். ஒன்று, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. வண்டி விக்கி விக்கி ஓடும். இதை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். சூடேறிவிட்டால் விக்கல் நின்றுவிடும். இன்னொன்று, என்ஜினிலிருந்து பின்னால் போகும் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு நேர் மேலே, முன்னால் இடது பக்கம் உட்காருகிறவரின் காலடியில், தரைத் தகட்டிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன்மேல் ரப்பர் மிதியடி விரித்திருந்தேன்.

நான் கோவில்பட்டியில் கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அரைகுறையாக எரிந்த பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன். அதனால் காரை ஓட்டிய காலம் முழுவதும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கியே வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் இயற்கைக் காற்றுதான் உடம்புக்கு நல்லது என்று சொன்னேன். என் மனைவி முன் இருக்கையில் உட்காரவே மாட்டாள். நான் ஓட்டுவதைப் பார்த்தால் அவளுக்குப் பயம். அந்தப் பயம்தான் அவளைக் காப்பாற்றியது.

அத்தான் பசுவந்தனையில் கரிசல் விவசாயி. உளுந்தும் பருத்தியும் போடுவார், மூலையில் கொஞ்சம் எள். எழுபதைத் தாண்டியும் டிராக்டர் ஓட்டுகிறவர். அவருக்கு என் கார்மேல் ஒரு கண்.

"வாத்தியார் வண்டின்னா வாத்தியார் மாதிரியே அதிராமப் போகும் மாப்ள. வெளிய குடுத்துராத" என்றார்.

"அண்ணாச்சிகிட்ட உள்ளதச் சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி. சரி என்றேன். ஆனால் நேராகக் கயத்தாறுக்குப் போனேன். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். புதுக் குழாய் போட வேண்டும் என்றார். இப்போதைக்கு எதையாவது சுற்றிக் கட்டுங்கள் என்றேன். டிக்கியில் கிடந்த காலி எண்ணெய் டின்னை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெட்டிக் குழாயில் சுற்றிக் கம்பியால் இறுக்கினார்.

"இது ரொம்ப நாள் தாங்காது சார்."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்குனா போதும்" என்றேன்.

ஞாயிறு காலை அத்தான் வருவதற்கு முன்பே காரை நெடுஞ்சாலை வரை ஓட்டி, நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். அவர் சாவியைத் திருப்பினார். தையல் மெஷின்போல ஒரே சீராக ஓடியது. பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கே மாப்ள?"

"வெயிலுல்லா அத்தான்."

வண்டி வேப்பமர நிழலில் நின்றிருந்தது. அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், நம்பினார், ஓட்டிக்கொண்டு போனார்.

மறுவாரமே போன் வந்தது. "மாப்ள, காலைல விக்குது. கேளு" என்றவர் போனை என்ஜின் பக்கத்தில் பிடித்தார். பிறகு பின்னால் நடந்துபோய் சைலன்சரிடம் பிடித்தார். அதன்பின் அவருடைய பேரன் வாட்ஸப்பில் சத்தத்தைப் பதிந்து அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டான். தினமும் காலையில் என் போனில் காரின் சத்தம் வந்து விழும்.

"என்ன இது, அண்ணாச்சி குறட்டையா?" என்றாள் மனைவி.

டாக்டர்போலக் கண்ணை மூடிக் கேட்டு வைத்தியம் சொன்னேன். பெட்ரோல் பங்கை மாற்றுங்கள். கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்திருக்கும், தட்டுங்கள். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். காரின் மேல்பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். கீழே குனிந்து பார்க்க மட்டும் சொல்லவில்லை. "கயத்தாறுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க அத்தான், அங்கன எல்லாரும் லாரி மெக்கானிக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் பக்தியோடு செய்தார்.

எரியாத சிலிண்டரின் பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கத் தொடங்கியது. காலையில் அத்தான் வண்டியைத் தெருவுக்கு எடுத்தாலே 'டமார்' என்று ஒன்று கேட்கும். "என்ன அண்ணாச்சி, சாமி பொறப்பாடா?" என்று டீக்கடையில் கேட்டார்களாம். அதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார். ஒவ்வொரு வெடிக்கும் அந்த டின் ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தக் காரில் முதலிலிருந்தே ஏ.சி. கிடையாது. ஆனால் கண்ணாடியை இறக்கிப் போனால் ஏ.சி. இல்லை என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்று அத்தான் எல்லாவற்றையும் ஏற்றியே வைத்திருந்தார். வெற்றிலை துப்புவதற்காகத் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் உட்கார்ந்தது அக்கா.

ஒரு நாள் வந்த பதிவில், என்ஜின் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் கேட்டது.

"தல சுத்துது. கண்ணாடிய எறக்குங்களேன்."

"சும்மா இரு. ஊருக்குள்ள வந்துட்டோம்லா."

மறுபடியும் போட்டுக் கேட்டேன். மூன்றாவது முறை போடும்போது மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மதினிக்கு என்னவாம்?"

"பித்தம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவே போன் செய்து, வண்டியில் ஏறினாலே தலைவலியும் குமட்டலுமாக இருக்கிறது, என்னவாயிருக்கும் தம்பி என்று கேட்டபோதும் பித்தம் என்றேன். நிலவேம்புக் கஷாயம் குடிக்கச் சொன்னேன். வண்டியில் போவதைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்துக்கொள் என்றும் சொன்னேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு. படித்த தம்பி சொல்லிவிட்டானே என்று அவள் காலையும் மாலையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஷாயம் குடித்தாள். எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்திருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்தவளைப் பார்த்து, "என்ன பெரியம்மா, நல்ல சேதியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டாராம். இதையும் அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு ஒரு சாயங்காலம் வந்த பதிவில் என்ஜின் சத்தமே இல்லை. அத்தான் பேசினார். "மாப்ள, நாளைக்கு விடிய எல்லாரும் திருச்செந்தூர் போறோம். பேத்திக்கு மொட்ட. அவ ஆச்சி மடியில முன்னால உக்காந்துதான் வருவாளாம்."

உடனே போன் போட்டேன். "அத்தான், நாளைக்கு வண்டிய எடுக்காதீங்க."

"ஏன்?"

வாய்வரை வந்தது. "நாள் சரியில்ல" என்றேன்.

"வாத்தியாரா நாள் பாக்குதது?" என்று சிரித்துப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பசுவந்தனைக்குப் போனேன். கார் வாசலில் விக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே அக்கா, அவள் மடியில் குழந்தை. நான் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் பானெட்டில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, என்னல இது, நீயும் வாரியா?" என்றாள் அக்கா.

"அத்தான், என்ஜின அமத்துங்க. எறங்குங்க எல்லாரும். சைலன்சர்ல ஓட்ட. தரையிலயும் ஓட்ட. பொக உள்ள வருது. அதான் அக்காவுக்குத் தலவலி. வண்டிய விக்கும்போதே எனக்குத் தெரியும்."

அத்தான் நம்பவில்லை. "சும்மா சொல்லாத மாப்ள" என்று சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். வெகுநேரம் அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்தபோது கையில் கருகிப்போன தகடு ஒன்று இருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். பச்சைப் பெயிண்டில் ஓர் எழுத்து தெரிந்தது.

"இது என் டின்னுல்லா" என்றார்.

வருடா வருடம் எள் ஆட்டி எங்களுக்கு ஒரு டின் நல்லெண்ணெய் கொடுத்துவிடுவார். டின் திரும்பி வர வேண்டும் என்று தன் பெயரின் முதலெழுத்தை எழுதி வைப்பார்.

"இந்த டின்னத்தான தங்கச்சிகிட்ட கேட்டுக்கிட்டே கெடக்கேன். காணோம் காணோம்னு சொல்லிச்சு." அவர் கோபம் எல்லாம் டின்னிலேயே நின்றது. தகட்டை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

அக்கா குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்ப எனக்குப் பித்தம் இல்லியா?"

"இல்லக்கா."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஆமா."

உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பெரிய டம்ளர் நிறையக் கஷாயத்தோடு வந்தாள். "குடி" என்றாள். தெருவே பார்க்க நின்றபடி குடித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துக் குழந்தை கைதட்டியது. "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் அக்கா. அதையும் குடித்தேன்.

திருச்செந்தூருக்கு எல்லாரும் பஸ்ஸில் போனோம். பைகளை நான் தூக்கினேன். அடுத்த வாரம் நானே காரைக் கயத்தாறுக்குக் கொண்டு போய்ப் புதுக் குழாய் போட்டு, தரைத் தகட்டையும் அடைத்து, விக்கலுக்குக் காரணமான ஒரு பழைய பிளக் வயரையும் மாற்றிக் கொடுத்தேன். இப்போது கார் நன்றாக ஓடுகிறது. ஏறியதும் அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை அடிவரை இறக்கிவிடுகிறாள். ஏ.சி. இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அத்தான் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். எண்ணெய் மட்டும் இப்போது டின்னில் வருவதில்லை, பிளாஸ்டிக் கேனில் வருகிறது.

போன வாரம் போயிருந்தேன். அக்கா டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை நீட்டி, இதைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டாள். வாங்கிப் படித்துப் பார்த்து, பின்பு என்றேன். சரி என்று தலையாட்டினாள். பிறகு அட்டையை என் கையிலிருந்து வாங்கி மருமகளிடம் கொடுத்தாள்.

"ஏட்டி, மருந்துக்கடைத் தம்பிகிட்ட இதயும் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வந்துரு."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் சொல்வதை வெளியே ஒரு தடவை கேட்டுக்கொள்வது அவளுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. சொல்லிவிட்டு, காப்பி குடிக்கியா தம்பி என்று என் பக்கம் திரும்பினாள்.

"கேக்கட்டும்க்கா, அதான் நல்லது" என்றேன்.